பத்துக்கு இரண்டு

பிலோமினாவின் ராசி எவ்வளவு என்று வேதவல்லி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது பார்த்துவிடுவாள். பல் துலக்கிக்கொண்டே ஒரு தடவை, டீ கொதிக்கும்போது ஒரு தடவை, வேலை முடிந்து லிஃப்டில் இறங்கும்போது ஒரு தடவை. ஒன்பது புள்ளி ஒன்பது. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். தன்னுடையது ஒன்பது புள்ளி இரண்டு. நடுவில் கிடந்த அந்தச் சின்ன வித்தியாசம், பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட பாக்குத் துண்டு மாதிரி அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. நாற்பத்தெட்டு வயதில் வேறு எந்த வியாதியும் இல்லாத உடம்பு. இது ஒன்றுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே தொழில். பெரும்பாக்கத்திலிருந்து காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழும்பி நிற்கும் ஐம்பது மாடிக் குடியிருப்புகளுக்குப் போய், பிறந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு வர வேண்டும். தொட்டிலை ஆட்ட இயந்திரம் வந்துவிட்டது, பாலைச் சரியான சூட்டில் கொடுக்க இயந்திரம் வந்துவிட்டது. எண்ணெயில் ஊறிய பத்து நாள் குழந்தையை வழுக்காமல் பிடிக்கிற இயந்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. வந்தாலும் எந்தத் தாயும் அதை நம்பிக் குழந்தையைக் கொடுக்க மாட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொடுப்பாள், அவளுக்கு ராசி இருந்தால்.

முன்பெல்லாம் கம்பெனிகள் நட்சத்திரம் கொடுத்தன. நட்சத்திரங்களைக் கடையில் வாங்க முடிந்ததும் சனங்களுக்கு அலுத்துவிட்டது. அதன் பிறகு வந்ததுதான் 'வாக்கு' என்கிற வலை. அதற்கு முதலாளி கிடையாது, ஆபீஸ் கிடையாது. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது அவரவர் கைபேசியிலேயே இருக்கும். ஒரு கைபேசி இன்னொன்றைக் கேட்கும், அது அடுத்ததைக் கேட்கும். சொல்கிறவரை ஊர் எவ்வளவு நம்புகிறதோ அவ்வளவுதான் அவர் சொல்லுக்கு எடை. எல்லாம் சேர்ந்து கடைசியில் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணாக வந்து நிற்கும். அதற்கு 'நம்பகச் சுட்டெண்' என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. கைராசி என்றார்கள், நாளடைவில் கையும் உதிர்ந்து வெறும் ராசி ஆயிற்று.

ராசி இருந்தால்தான் வீடு, ராசி இருந்தால்தான் வேலை. பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்கள். போனால் போனதுதான். மூன்றாவது பிளாக் கனகா குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்று ஒரு தாய் புகார் சொன்னாள். வலையின் வழக்கப்படி தொண்ணூறு நாள் விசாரணை. கனகா மேல் தப்பில்லை என்றுதான் முடிந்தது. ஆனால் அந்தத் தொண்ணூறு நாளும் அவள் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் கிடந்ததால், பிறகு ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. இப்போது பிளாக்குக்குக் கீழே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேதவல்லி அந்தப் பக்கம் போகும்போது நடையைக் கூட்டிக்கொள்வாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ராசி பூஜ்யம். பூஜ்யத்தின் கையில் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்? ஏற்கெனவே ராசி உள்ள ஒருவர், இவளுக்கு நான் பொறுப்பு என்று வலையில் சொல்ல வேண்டும். அதற்குப் போணி என்று பெயர். பிலோமினாவுக்குப் போணி போட்ட புண்ணியவதி யார் என்று கேட்டால் வேதவல்லி பேச்சை மாற்றிவிடுவாள். போட்டவள் அவளேதான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்தது. கைவசம் எட்டு வீடு. எதிர் பிளாக் பிலோமினா, தையல் கம்பெனி மூடிப்போய், வேலை தேடி அலைந்துகொண்டிருந்தாள். சின்னப் பெண் ஒன்றும் இல்லை, வேதவல்லியைவிட ஐந்து வயதுதான் இளையவள். இரண்டு பிள்ளை பெற்றவள், புருஷன் எங்கேயோ போய்விட்டவன், சொந்தம் என்று ஒரு வாசலும் இல்லாதவள். வேதவல்லி எட்டில் நான்கு வீட்டை அவளிடம் கொடுத்து, போணியும் போட்டு, காரணம் எழுதுகிற இடத்தில் 'என் கை மாதிரி' என்று எழுதினாள். அப்படி எழுதியது அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மணிக்கட்டு ஆறு வாரத்தில் சரியாயிற்று. அந்த நான்கு வீடும் திரும்பி வரவில்லை.

தாய்மார்கள் பிலோமினாவை விடமாட்டேன் என்றார்கள். அவள் குளிப்பாட்டினால் குழந்தை அழுவதே இல்லையாம். குளிக்கும்போது அழாத குழந்தை உலகத்தில் உண்டா? மருந்து கிருந்து கொடுக்கிறாளோ என்றுகூட வேதவல்லி ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். மறுநாள் மறுபடியும் நினைத்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்கு ஆறுதல் இருந்தது. அவள் பெயரில் ஒரு பொட்டு இருந்தது, பிலோமினாவுக்கு இல்லை.

வலை வந்த புதிதில், வேதவல்லிக்குப் பத்துக்குப் பத்தாக வந்து விழுந்துகொண்டிருந்த நேரத்தில், சற்குணம் என்கிறவள் பத்துக்கு மூன்று போட்டாள். பெரும்பாக்கத்தில் இந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவள் அவள்தான். வேதவல்லி கைபேசியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கே சண்டைக்குப் போனாள். குடத்தோடு நின்ற அத்தனை பெண்களும் வேடிக்கை பார்த்தார்கள். சற்குணம் உடனே பதில் சொல்லவில்லை. நிரம்பின குடத்தை இறக்கி வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், வேதவல்லியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "பொட்டுடி அது. கண்ணு படாம இருக்க," என்றாள்.

குழாயடியே சிரித்தது. வேதவல்லி அழுதேவிட்டாள். குழந்தையின் கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி, பத்துகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு. அந்த வாரமே பூக்காரிக்கு அவள் தங்கை இரண்டு போட்டாள், ஆட்டோக்காரனுக்கு அவன் கூட்டாளி ஒன்று போட்டான். அங்கே தொடங்கி ஊரெல்லாம் பரவியது. ஒரு முகத்துக்கு ஒரு பொட்டுதான், அதை வைக்கிறவர் மனசுக்கு நெருங்கினவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டதிட்டங்கள் தாமாகவே உண்டாயின. சற்குணம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் போட்ட மூன்றை வேதவல்லி மற்றவர்கள் போட்ட பத்தைவிடப் பெரிதாக வைத்திருந்தாள். பிலோமினாவுக்கு ஆயிரம் பத்து இருக்கட்டும், பொட்டு வைக்க யார் இருக்கிறார்கள்?

இந்த ஆறுதலில் இன்னும் பல வருஷம் ஓட்டியிருப்பாள். நடுவில் ஆதிரை விஷயம் வந்து சேர்ந்தது.

வேதவல்லி இந்தத் தொழிலில் முதன்முதலாகக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய குழந்தை ஆதிரை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு. அந்தக் குழந்தையின் தலைக்கு வடிவம் பிடித்தது, தொடை மடிப்பில் எண்ணெய் விட்டது, எல்லாம் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருந்தது. ஆதிரையின் தாய் சாகும்வரை பொங்கலுக்குப் பொங்கல் புடவை கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆதிரைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெரிந்ததும் வேதவல்லி கூப்பிடக் காத்திருக்கவில்லை. குளிப்பாட்டுவதற்கென்று வைத்திருக்கும் இரண்டு பருத்திப் புடவையையும் துவைத்துப் போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிலோமினா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நாவலூரில் ஆதிரை என்று ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறதாம். வீட்டில் பேசிவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றதாம். பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமாம். "ஒங்களுக்குத் தெரிஞ்ச எடமாக்கா?" என்று கேட்டாள்.

வேதவல்லி தலையை ஒரு மாதிரி ஆட்டினாள். வயிறு பற்றி எரிந்தது. வயிற்றுக்குள் நெருப்பு என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

பிலோமினா தன் நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிக் கையாட்டிவிட்டுப் போனாள். ஆட்டோ நகர்ந்ததும் வேதவல்லி கைபேசியை எடுத்து, பிலோமினாவின் பெயரைத் தொட்டு, பத்துக்கு இரண்டு போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் யாருக்கும் ஆறுக்குக் கீழே போட்டதில்லை. காரணம் கேட்டது. 'குழந்தையின் கழுத்தைத் தாங்க' என்கிற வரை அடித்தாள். கனகாவின் முகம் வந்து நின்றது. அடித்ததை அழித்துவிட்டு, காரணம் இல்லாமலே அனுப்பிவிட்டாள். அடுத்ததாக, போணியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டது. எடுத்தால் போட்டவளுக்கும் அரைப் புள்ளி குறையும். ஒன்பது புள்ளி இரண்டில் அரை போனால் என்ன ஆகும்? வேண்டாம் என்று அழுத்தினாள். அடுத்தவளைத் தள்ளிவிடலாம், தன் கால் சேற்றில் பட்டுவிடக் கூடாது.

அன்று மாலை பார்த்தாள், ஒன்பது புள்ளி ஒன்பது. விடிந்து பார்த்தாள், அதே ஒன்பது புள்ளி ஒன்பது. இருபத்தைந்து வருஷ அனுபவசாலியின் சொல்லுக்கு ஓர் எடையும் இல்லையா? கைபேசியில்தான் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு நஸ்ரினின் கடைக்குப் போனாள். நஸ்ரின் மார்க்கெட் வாசலில் கைபேசி பழுது பார்ப்பவள், வலையில் ஏதாவது சிக்கினால் பிரித்துக் கொடுப்பவளும் அவள்தான்.

நஸ்ரின் வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "பொட்டு வெச்சிருக்கியே வேதாக்கா," என்றாள்.

வேதவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. நஸ்ரின் விளக்கினாள்.

"போணி போட்டது நீ. அதே கையால ரெண்டு போட்டிருக்கே. காரணம் எழுதல, போணியையும் எடுக்கல. கொழந்தைய கீழ போட்டுடுவான்னு நெஜமாவே நெனச்சா போணிய வெச்சிருப்பியா? அப்ப இது இன்னா? பொட்டு. நம்ம ஊர்ல இத்தினி வருசமா பாத்துப் பாத்து வலை கத்துகினு இருக்குது."

"அப்ப ராசி கொறையாதா?"

"கொறையறதா? பாவம், அதுக்கு மஞ்சக் கட்டம் இருந்துச்சு, தெரியுமா ஒனக்கு? போணி போட்ட ஆளுக்கு அது காட்டாது. எல்லாம் பத்து, எல்லாம் அதே நாலு பில்டிங்கு. இவங்க பேசி வெச்சிகினு போடுறாங்களோன்னு வலைக்கு ஒரு சந்தேகம். தூரத்துல இருந்து பாக்குறவங்களுக்கு 'விசாரித்துக் கொள்ளவும்'னு மஞ்சளா காட்டும். ஒரு பொட்டு கூட இல்லாத மூஞ்சிய யாரு நம்புவா? நேத்து ஒன் ரெண்டு வந்துச்சு, மஞ்சள் பூடுச்சு."

வேதவல்லி கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நஸ்ரின் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். விளம்பரம் என்று நினைத்து வேதவல்லி தள்ளிவிட்டிருந்த ஒரு கேள்வி அதில் காத்துக்கொண்டிருந்தது. 'நீங்கள் போட்ட இரண்டு, பொட்டா?' கீழே இரண்டு பொத்தான். ஆம். இல்லை.

இப்போதைக்குப் பொட்டு என்று வலை தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவளே வாயால் சொன்ன மாதிரி ஒன்றை அழுத்த வேண்டும் என்றாள் நஸ்ரின். விட்டால் என்ன ஆகும் என்று வேதவல்லி கேட்டாள். இல்லை என்றாலோ, அழுத்தாமலே விட்டாலோ அது புகார். அப்புறம் கறுப்புக் கட்டம், தொண்ணூறு நாள். "நீ எதுக்கு அதெல்லாம் கேக்குறே? ஆம்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போ," என்று நீட்டினாள். வேதவல்லி வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

வழியெல்லாம் அந்த இரண்டு பொத்தானும் கூடவே வந்தன. இல்லை என்றால், பிலோமினா குழந்தையைப் பிடிக்கத் தெரியாதவள் என்று ஆகும். அது பொய். ஆம் என்றால், அன்பு பொங்கி வழிந்து வைத்த பொட்டு என்று ஆகும். அது அதைவிடப் பெரிய பொய். பொறாமை என்று ஒரு பொத்தானை ஏனோ ஒருவரும் வைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அழுத்தியிருப்பார்கள்.

சாயங்காலம் ஆதிரையே கூப்பிட்டாள். குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.

"வேதாம்மா, முதல்ல ஒரு தேங்க்ஸ். எங்க மாமியார் அந்த மஞ்சள் கட்டத்தப் பாத்துட்டு பிலோமினா வேண்டவே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. வேதவல்லியக் கூப்பிடு, அவங்களுக்குப் பொட்டு இருக்குன்னாங்க. நானும் உங்களைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். பாத்தா நீங்களே அவங்களுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க. அத்தை உடனே சரின்னுட்டாங்க."

வேதவல்லிக்கு அப்போதுதான் கணக்கு புரிந்தது. சும்மா இருந்திருந்தால் போதும். அந்த ஆட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்திருந்தால், ஆதிரையின் குழந்தை தன் காலில்தான் வந்து படுத்திருக்கும்.

"என்னை ஏம்மா மொதல்லயே கூப்புடல?" என்று கேட்டேவிட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள்.

ஆதிரை சங்கடப்பட்டாள். எப்போதோ பிசகின மணிக்கட்டு இன்னும் வலிக்கும் என்று நினைத்து, அவளை நாவலூர் வரைக்கும் இழுக்க மனசு வரவில்லையாம். வலையில் தேடினபோது பிலோமினாவின் பெயருக்குக் கீழே வேதவல்லி எழுதியிருந்ததைப் படித்தாளாம். "என் கை மாதிரின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்புறம் எனக்கு என்ன யோசனை? நீங்க வெள்ளிக்கிழமை வந்து பக்கத்துல உக்காருங்க, அது போதும்."

அடுத்த மூன்று நாள் வேதவல்லி எந்தப் பொத்தானையும் தொடவில்லை. தொடவே வேண்டாம் என்பதுதான் அதில் உள்ள சௌகரியம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தானாக வந்து போகும். பிலோமினா தானாகக் கறுப்பாவாள். நான் ஒன்றும் செய்யவில்லை, மறந்துவிட்டேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். வியாழக்கிழமை கனகாவைத் தாண்டிப் போகும்போது அவள் நிமிர்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். வேதவல்லி நிற்காமல் நடையைக் கூட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை போகக் கூடாது என்று நினைத்து, போய்விட்டாள். துவைத்து வைத்த பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டே போனாள்.

முப்பத்தோராம் மாடிக் குளியலறையில் பிலோமினா மணை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டுக்கும் நடுவில் தலை இருக்கும்படி குழந்தை படுத்திருந்தது. தாயின் நெற்றி, பாட்டியின் காது. வேதவல்லி கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தப்பு எங்கே வரும் என்று கண் கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். எண்ணெய் சூடு சரியாக இருந்தது. கழுத்துக்கு அடியில் விரல் சரியாக இருந்தது. மூக்கில் ஊதுகிற பழைய கிறுக்குத்தனம் எதுவும் இல்லை. அப்புறம் தண்ணீர் விட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வேதவல்லி அதைக் கவனித்தாள். ஒவ்வொரு சொம்பு தண்ணீரும் முதலில் பிலோமினாவின் இடது கையில் விழுந்து, அங்கிருந்துதான் குழந்தை மேல் இறங்கியது. முதல் சொம்பு மட்டும் அல்ல, ஒவ்வொன்றும். வேதவல்லியும் சூடு பார்ப்பாள், ஆனால் முதல் சொம்பை மட்டும். அதன் பிறகு நேராக ஊற்றிவிடுவாள், எல்லாரும் அப்படித்தான். இவள் தண்ணீரைக் குழந்தை மேல் ஊற்றவே இல்லை. தன் கையில் ஊற்றிக் கையை நனைத்து, அந்தக் கையால் குழந்தையை நனைத்தாள். குழந்தை கண்ணை விழித்து அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, அழவில்லை.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. இவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்தில் தனக்கு இது தோன்றவில்லை என்று நினைத்தபோது வேதவல்லிக்கு அழுகை வந்தது. இவள் தன்னைவிட நல்ல கைக்காரி. தொடக்கத்திலிருந்தே மனசுக்குத் தெரியும், கண்ணால் பார்க்கத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

ஆதிரை துண்டு எடுத்து வர உள்ளே போனாள். பிலோமினா குழந்தையைக் குப்புறத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, ஒங்க பதில் இன்னும் வரலேன்னு காட்டுது எனக்கு. பன்னண்டு மணியோட டைம் முடியுதாம். நாலு நாளா தூக்கம் இல்ல." ஒரு சொம்பு தண்ணீர் விட்டாள். "அது பொட்டுதானக்கா?"

சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. வேதவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள், கை ஈரமாகவே இல்லை. பிலோமினாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த முந்தானை, இந்தப் பார்வை, இந்தக் கொஞ்ச நேரம். குழாயடியில் சற்குணம் அக்கா அன்றைக்கு நின்றது இப்படித்தான். ஆசையாய்ப் பொட்டு வைத்தவள் கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருப்பாள், முகத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்க மாட்டாள். வயிற்றெரிச்சலில் மூன்று போட்டுவிட்டு, இருபது பேருக்கு நடுவில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டபோது, வாயில் வந்த சாக்குதான் அந்தப் பொட்டு. ஊரே கொண்டாடுகிற வழக்கம், வலையே கற்றுக்கொண்ட அன்பு, ஒருத்தி சொல்லிச் சமாளித்த பொய்யிலிருந்து வந்தது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு சற்குணம் இருந்த வரைக்கும் வேதவல்லிக்கு ஒரு டம்ளர் டீ எடுத்து வைக்காமல் குடித்ததில்லை. பிரசவ வீடுகளில் வேதவல்லி பெயரைத்தான் முதலில் சொல்வாள். பொட்டு என்று சொன்ன பிறகு, அதைப் பொட்டாகவே ஆக்கிவிட்டுத்தான் செத்தாள்.

"பொட்டுதான்டி," என்றாள் வேதவல்லி. "கண்ணு படாம இருக்க."

பிலோமினா இப்போதும் நிமிரவில்லை. "யாரு கண்ணுக்கா?"

வேதவல்லி இதற்கும் ஒரு சாக்கு தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"என் கண்ணுதான்."

பிலோமினாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த சொம்பு தண்ணீர், முதலில் அவள் கையில் விழுந்து, அப்புறம் குழந்தையின் முதுகில் இறங்கியது.

"அதுக்குத்தானக்கா பொட்டு," என்றாள்.

ஆதிரை துண்டோடு வந்தாள். துடைத்தார்கள், சாம்பிராணி காட்டினார்கள், பவுடர் போட்டார்கள். பிலோமினா மைக் கிண்ணத்தை வேதவல்லி பக்கம் நகர்த்தினாள். வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தாள் வேதவல்லி, நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று ஆதிரையும் சேர்ந்துகொண்டாள். விரலில் மையைத் தொட்டு, அந்தச் சின்ன இடது கன்னத்தில் வைத்தாள்.

அதுவரை சத்தமே இல்லாமல் கிடந்த குழந்தை, அவள் விரல் பட்டதும் வீறிட்டு அழுதது. பிலோமினா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள், உடனே நிறுத்திவிட்டது.

வேதவல்லிக்கு மறுபடியும் வயிற்றில் சுருக்கென்று எரிந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. எரிந்தபடியே கைபேசியை எடுத்து, மை விரலாலேயே 'ஆம்' என்பதை அழுத்தினாள்.